மலைநாட்டுக்கோர் அளவைக் கூடம்

எண்ணல், எடுத்தல், முகத்தல், நீட்டல் என அளவை நால்வகைப்படும் என்பது நம் முன்னோர் வகுத்த வகுப்பு. காயை எண்ணினர், பொன்னை எடுத்தனர், அஃதாவது நிறுத்தனர், நெல்லை முகந்தனர், நிலத்தை நீட்டி அளந்தனர். தமிழ் வகுப்பில் இந்நான்கினையும் ஆண்டுதோறும் மாணவரை ஒப்புவிக்கச் செய்துவரும் யான், ஐந்தாவதொன்றைச் சேர்க்கவேண்டிய காலம் வந்துவிட்டதென்று கருதுகின்றேன். கண்ணாற் காணவியலாததும் கையால் தொடவொண்ணாததுமாகிய மின்னை அளத்தலே அது.

மலைநாட்டில் இன்று மின்னளக்கும் கருவி இல்லாத கடைத்தெரு இல்லை. அட்டனிலும் தலவாக்கலையிலும் நுவரெலியாவிலும் கைப்பேசி திருத்துவோர், தொலைக்காட்சி பழுதுபார்ப்போர், வீடுகளுக்குக் கம்பியிழுப்போர், தேயிலைத் தொழிற்சாலைகளில் மின்வேலை செய்வோர் ஆகிய இவர்களெல்லாம் யாவர்? நம்மைப்போன்ற கல்லூரிகளின் பழைய மாணவரும் அவர்தம் தம்பிமாருமே. கையிலுள்ள பல்மானி காட்டும் எண்ணை அவர் நம்புகின்றனர். அவரை நாம் நம்புகின்றோம். அப்பல்மானி மெய் பேசுகின்றதா என்று கேட்பார் மட்டும் ஒருவரும் இலர்.

கருவியைக் கேள்வி கேட்கும் வழக்கம் நமக்குப் புதிதன்று. தஞ்சைப் பெருவுடையார் கோயிலுக்கு முதலாம் இராசராசன் அளித்த பொன் ‘ஆடவல்லான்’ என்னும் பெயர்பெற்ற கல்லாலும், மணி பதித்த அணிகள் ‘தட்சிணமேரு விடங்கன்’ என்னும் கல்லாலும் நிறுக்கப்பட்டன என்று அக்கோயிற் கல்வெட்டுக்கள் கூறும். இன்ன பொருள் இத்துணை நிறை என்று சொல்லி அமையாது, எந்தக் கல்லால் நிறுத்தோம் என்பதனையும் சேர்த்தெழுதி வைத்தனரே, அறிவு அங்கேதான் இருக்கின்றது. நிலம் அளக்கும் கோலின் நீளத்தைக் கோயிற் சுவரில் வெட்டிவைக்கும் வழக்கமும் தமிழகத்தில் இருந்தது. தன் கோலில் ஐயங்கொண்டவன் அதனைச் சுவரோடு வைத்துப் பார்த்துக்கொள்ளலாம். கட்டணமும் இல்லை, தூரமும் இல்லை.

இச்செயலையே இன்று அளவுகோடிடல் என்கின்றோம். அளவுத்திருத்தம் என்றும் சிலர் வழங்குவர். முன்னைய சொல்லே எனக்கு உவப்பானது. ஏனெனில், கருவியைத் திருத்துதல் இவ்வினையின் ஒரு பகுதியே. அது எவ்வளவு பிழைக்கின்றது என்று கண்டு குறித்து வைத்தலே தலையாய பகுதி. இத்துணை கூட்டிக் காட்டும் என்று தெரிந்த கருவி பழுதுடையதாயினும் பயன்படும். நன்றாயிருக்கின்றதென்று நாமாக எண்ணிக்கொள்ளும் கருவிதான் இடர் விளைப்பது.

“புதிதாக வாங்கிய பல்மானி ஏன் ஐயா பிழைக்கவேண்டும்?” என்று ஒரு மாணவன் என்னை வினவினான். பௌதிக ஆசிரியரிடம் கேட்டறிந்து விடை கூறினேன். பல்மானியின் உள்ளே மாறாத மின்னழுத்தம் ஒன்றைத் தரும் சிறு உறுப்பு உண்டு. வெளியிலிருந்து வரும் அழுத்தத்தை அக்கருவி அதனோடு ஒப்பிட்டே எண் சொல்லும். மாறாதது என்பது பெயரளவிலேதான். ஆண்டு செல்லச் செல்ல அதுவும் மாறும், வெப்பத்தாலும் மாறும். உடனிருக்கும் தடைகளும் அவ்வாறே. நம் மலைகளின் மூடுபனியோ சுற்றுப்பலகையில் ஈரமாய்ப் படிந்து, மின் செல்லலாகாத வழியிலெல்லாம் சிறிது செல்ல இடங்கொடுக்கின்றது. போதாக்குறைக்கு, மின்கலம் நலிந்துவிட்டால் மலிவான பல்மானிகள் பல எண்ணைக் கூட்டிக் காட்டும். 230 வோல்ற்று உள்ள இடத்தில் 250 என்று காட்ட, மின்வேலை செய்பவர் மின் வழங்குவோரை நோவார். ஒரு சிறு மின்கலத்தை மாற்றியிருந்தால் அந்நோதல் மிஞ்சியிருக்கும்.

மலையில் வாழ்வோருக்கு மட்டுமே உரிய சில சிக்கல்களும் உள. நுவரெலியா கடல்மட்டத்துக்கு ஏறக்குறைய 1,870 மீற்றர் உயரத்தில் இருக்கின்றது. அங்கே நீர் 100 பாகையிற் கொதிப்பதில்லை. 94 பாகை அளவிலேயே கொதித்துவிடும். கீழ்நாட்டில் எழுதப்பெற்ற செய்முறைக் குறிப்பைக் கையிற்கொண்டு வெப்பமானியைக் கொதிநீரில் இட்ட மாணவன், 94 கண்டு கருவி பழுதென்று ஒதுக்கினால் நல்லதொரு வெப்பமானியை இழப்பான். இலத்திரனியல் தராசின் கதையும் இதனையொத்ததே. அது பொருளின் திணிவை நேரே அளப்பதில்லை. பொருள் அழுத்தும் விசையை அளந்து கிலோகிராமாக மாற்றிச் சொல்லும். மலைமேல் புவியீர்ப்புச் சற்றுக் குறைவு. ஆகலின், கொழும்பிற் சரிசெய்த தராசு நுவரெலியாவுக்கு வந்தால் ஒரு கிலோகிராமுக்கு ஏறக்குறைய அரைக் கிராம் குறைத்துக் காட்டும். கொழுந்து நிறுப்போருக்கு இஃது ஒரு பொருட்டன்று. நூறிலொரு கிராம் காட்டும் ஆய்வுகூடத் தராசுக்கோ இது பெரும்பிழை. நம் பாட்டன்மார் காலத்து இருதட்டுத் தராசுக்கு இக்குறை இல்லை; பொருளுக்கும் படிக்கல்லுக்கும் ஈர்ப்பு ஒருங்கே குறையுமன்றோ! சில கருவிகளைப் பயன்படுத்தும் இடத்திலேயே அளவுகோடிட வேண்டும் என்று அறிந்தோர் கூறுவதன் காரணம் இதுவே.

நிற்க. உயிரோடு தொடர்புடைய ஒன்றைச் சொல்லவேண்டும். லயக் குடியிருப்புக்கள் தீப்பற்றி, ஓரிரவில் பல குடும்பங்கள் உடுத்த துணியோடு வெளியே நிற்கும் செய்தியை நாம் மீண்டும் மீண்டும் வாசிக்கின்றோம். மின்னொழுக்கே காரணம் என்று அச்செய்தியின் இறுதியில் அடிக்கடி எழுதப்படுகின்றது. ஒரே கூரை, கூரையின்கீழ் வரிசையாகக் காம்பராக்கள், ஒவ்வொரு காம்பராவிலும் அவரவர் வசதிக்கேற்ப இழுத்த கம்பி. இக்கம்பிகளின் காவலி நலமாயுள்ளதா என்று பார்க்க ‘மெகர்’ என்று மின்வேலை செய்வோர் வழங்கும் கருவி உண்டு. அது 500 வோல்ற்று அழுத்தங் கொடுத்துக் காவலியின் தடையை அளக்கும். அத்தடை 1 மெகாஓமுக்குக் குறைந்தால் அக்கம்பியமைப்பை ஏற்றல் ஆகாது. இவ்வாறே, ‘ட்ரிப் சுவிச்’ என்று மக்கள் அழைக்கும் காப்புக் கருவி 30 மில்லியம்பியர் மின் ஒழுகும்போதே இணைப்பைத் துண்டித்துவிட வேண்டும். அது துண்டிக்கின்றதா என்று சோதிக்கவும் கருவி உண்டு.

இனி, சோதிக்கும் அக்கருவியே நலிந்திருந்தால்? 500 வோல்ற்றுக் கொடுக்கவேண்டிய மெகர் 300 வோல்ற்று மட்டுமே கொடுத்தால், ஈரமேறி உளுத்த கம்பியும் நல்ல கம்பியென்று தேறிவிடக்கூடும். வேலை செய்தவர் கள்ளமற்றவர். சோதனை செய்தேன், சரியாக இருந்தது என்று உண்மையாகவே சொல்வார். குற்றம் எவரிடத்தும் இல்லாதவாறே கேடு நிகழ்ந்துவிடும். பல்மானி பிழைத்தால் ஒரு தொலைக்காட்சி கெடும். மெகர் பிழைத்தால் ஒரு லயமே எரியும்.

மலைநாட்டில் அளவை என்றதும் எவர் மனத்திலும் முதலிற் தோன்றுவது கொழுந்துத் தராசுதான் என்பதை யான் அறியேனல்லன். கொழுந்து பறித்த கையால் ஊட்டி வளர்க்கப்பட்டவன் யான். நாளொன்றுக்கு இத்தனை கிலோ என்று தோட்டம் வகுக்கும். எட்டினால் முழுப்பெயர், எட்டாவிடில் அரைப்பெயர். 2024 ஆம் ஆண்டு செப்டெம்பரில் நாட்சம்பளம் 1,350 ரூபாய் என்று நிர்ணயிக்கப்பட்டது. அது முழுமையாய்க் கைக்கு வருவதும் பாதியாய் வருவதும் மடுவத்தில் ஒரு கணம் தோன்றி மறையும் எண்ணைப் பொறுத்ததாகின்றது.

சில ஆண்டுகட்கு முன் தோட்டம் ஒன்றில், பெயர் வேண்டா, புதிய இலத்திரனியல் தராசு வந்தது. வந்த வாரமே, “தராசு கொழுந்தத் தின்னுது” என்று பெண்கள் முறையிடத் தொடங்கிவிட்டனர். அங்கே மின்வேலை செய்த என் பழைய மாணவன் ஒருவன், ஆய்வுகூடத்தில் நிறுத்து நிறை குறித்த இரும்புக் கட்டிகள் இரண்டைக் கொண்டுசென்று, கண்டக்டர் ஐயாவின் இசைவு பெற்று, எல்லாரும் காணத் தராசில் வைத்தான். தராசு இருபது கிராமுக்குள் மெய்யே பேசிற்று. கூடிநின்றோர் முகம் வாடிற்று. அவன் அத்தோடு விடாமல் வெறுஞ் சாக்கினை எடுத்துத் தொங்கவிட்டான். சாக்குக்கும் ஈரத்துக்கும் என்று ஒவ்வொரு நிறுவையிலும் கழிக்கப்பட்டது, சாக்கின் நிறையைவிட ஏறக்குறைய ஒரு கிலோ மிகையென்பது தெரியவந்தது. தராசின்மேற் சுமத்திய பழி நீங்கிற்று. பழி இருக்கவேண்டிய இடத்துக்குச் சென்றது. அதன்பின் கழிவு பேசித் திருத்தப்பட்டது. பூசல் எதுவும் நிகழவில்லை. மேலாளரும் மறுத்துரைக்கவில்லை, மறுக்க இடமில்லாதபடியால். சந்தேகம் இருக்கும்வரை இருதரப்பாரும் உரக்கப் பேசலாம். அறிந்த நிறை ஒன்று தட்டில் ஏறிவிட்டால் பேச்சு எண்ணைப்பற்றியதாகிவிடும்.

இதற்கெல்லாம் அரசாங்கம் இல்லையா என்று சிலர் கேட்பர். இருக்கின்றது. 1995 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் அளவீட்டு அலகுகள், நியமங்கள், சேவைகள் திணைக்களம் இயங்குகின்றது. அதன் தேசிய அளவீட்டு ஆய்வுகூடம் ஹோமாகமைப் பகுதியிலே உள்ளது. கடைத் தராசுகளைச் சோதித்து முத்திரையிடுதலும் அத்திணைக்களத்தின் பணியே. 1955 இல் விஞ்ஞான கைத்தொழில் ஆராய்ச்சி நிறுவனமாகத் தோன்றி, இன்று கைத்தொழில் தொழினுட்ப நிறுவனம் எனப் பெயர்பெற்றுள்ள நிலையமும் கருவிகளை அளவுகோடிட்டுச் சான்றிதழ் வழங்குகின்றது. இவர்தம் பணியிற் குறைகாண்டல் என் நோக்கமன்று. இரண்டும் மேல்மாகாணத்தில் உள்ளன என்பதே யான் சொல்வது. அட்டனிற் சிறுகடை வைத்திருக்கும் இளைஞன் ஒருநாள் கடை பூட்டிக் கருவியைக் கொண்டுபோய்க் கொடுத்து, மற்றொருநாள் கடை பூட்டி அதனை மீட்டுவந்து, கட்டணமும் செலுத்தினால், அச்செலவு கருவியின் விலையையே மிஞ்சிவிடும். நூறு கருவிகள் வைத்திருக்கும் பெருந்தொழிற்சாலை அதனைத் தாங்கும். ஒரு கருவி உடையவன் எவ்வாறு தாங்குவான்? ஆகவே அவன் அடுத்த கடைக்காரனுடைய பல்மானியை இரவல் வாங்கித் தன்னுடையதோடு ஒப்பிடுகின்றான். ஒவ்வாவிடின் எது பொய் என்பது இருவருக்கும் தெரிவதில்லை. ஒத்துவிட்டாலோ மகிழ்ச்சி, இரண்டும் ஒருங்கே பொய்க்கலாம் என்பது நினைவுக்கு வருவதில்லை.

சென்னையிலே இந்திய நடுவணரசின் இலத்திரனியல் சோதனை மேம்பாட்டு நிலையம், சிறுதொழில் செய்வோரும் அணுகத்தக்க வகையில் இப்பணியைச் செய்துவருகின்றது. இந்தியாவின் அளவைகளுக்கெல்லாம் தலைமையிடமாகிய தேசிய பௌதிக ஆய்வுகூடத்தின் முதல் இயக்குநராக இருந்தவர், தமிழ்நாட்டு வத்திராயிருப்பிற் பிறந்த கே. எஸ். கிருஷ்ணன் என்பதையும், அவர் விஞ்ஞானத்தைத் தமிழில் எழுதிக்காட்டியவர் என்பதையும் மாணவர் அறிந்துகொள்வது நன்று. அளவையியல் தமிழுக்கு அயலான துறை என்பார்க்கு வேறு விடை வேண்டுவதில்லை.

அளவை என்பது ஒரு சங்கிலி. கடைக்காரன் கருவி ஊரிலுள்ள கருவியோடும், அது தலைநகரத்துக் கருவியோடும், அது உலகப் பொது அளவோடும் பிணைந்திருத்தல் வேண்டும். அவ்வுலகப் பொது அளவும் நம் காலத்திலேயே மாறியுள்ளது. 1889 முதற்கொண்டு பாரிசுக்கு அண்மையிற் காக்கப்பட்ட உலோகக் கட்டி ஒன்றே கிலோகிராமாக இருந்தது. 2019 மே 20 முதல் அக்கட்டிக்கு அப்பதவி இல்லை. இயற்கையின் மாறிலி ஒன்றால் கிலோகிராம் வரையறுக்கப்படுகின்றது. சங்கிலியின் மேல்நுனி இத்துணை உறுதிபெற்றிருக்க, கீழ்நுனி கொழும்பிலேயே நின்றுவிட்டது. அங்கிருந்து அட்டன்வரை ஒரு கண்ணியைக் கோக்கவேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

யூபிலி நினைவாக நம் கல்லூரி ஆய்வுகூடத்தில் ஓர் அளவைக் கூடம் அமைப்போமாக. அதற்கு வேண்டுவன மிகப்பல அல்ல. உறுதியான 10 வோல்ற்றுத் தரும் ஒப்புக்கருவி ஒன்று. பிழை பதினாயிரத்தில் ஒரு பங்குக்கு மேற்படாத தடைகள் சில. ஆறிலக்கம் காட்டும் மேசைப் பல்மானி ஒன்று, பழையதாயினும் தாழ்வில்லை. ஒரு கிராம் முதற் பத்துக் கிலோகிராம் வரை நியம நிறைகள். இவற்றை மட்டும் ஆண்டுக்கொருமுறை கொழும்புக்கு அனுப்பிச் சான்றிதழ் பெற்றால் போதும். ஊரிலுள்ள மற்றக் கருவிகள் யாவும் இங்கேயே இவற்றோடு ஒப்பிடப்படும். ஒப்புக்கருவி, சோதிக்கப்படும் கருவியைவிட நான்கு மடங்கேனும் நுண்ணியதாயிருத்தல் வேண்டும் என்பது இத்துறையோர் கைக்கொள்ளும் விதி. கடைத்தெருப் பல்மானிகளுக்கு இது எளிதிற் கைகூடும்.

அலைவுகாட்டியின் நேர அளவைச் சோதிக்கக் கொழும்புக்குப் போதலும் வேண்டா. ஜி.பி.எஸ். செய்மதிகள் ஒவ்வொன்றிலும் அணுக்கடிகாரம் உண்டு. அவற்றின் சைகையை வாங்கி வினாடிக்கொரு துடிப்புத் தரும் சிறு பெறுவிகள் மலிவாகவே கிடைக்கின்றன. உலகின் மிகத் திருத்தமான காலம் நம் கூரையின்மேல் இலவசமாகப் பொழிந்துகொண்டிருக்கின்றது. வானம் திறந்திருந்தாற் போதும். மூடுபனி அதனைத் தடுப்பதில்லை. மலைநாட்டுக்கு இயற்கை செய்த சலுகைகள் சிலவே, இதனையும் விட்டுவிடலாமா?

பணிசெய்ய ஆளெங்கே என்று வினவுவர். 2013 இல் உயர்தரத்தில் தொழினுட்பவியற் பிரிவு தொடங்கப்பட்டது. அப்பிரிவு மாணவருக்கு இதனினும் சிறந்த செய்முறைப் பயிற்சி யாது? சனிக்கிழமைதோறும் பௌதிக ஆசிரியர் மேற்பார்வையில் அவர்கள் கருவிகளை ஒப்பிட்டு, எக்கருவியோடு ஒப்பிட்டோம், எந்நாளில், எவ்வெப்பநிலையில், பிழை எவ்வளவு என்று தமிழிலே துண்டெழுதிக் கொடுப்பர். கடைக்காரரிடம் சிறு கட்டணம் பெறலாம். தோட்டத்துப் பிள்ளை மடுவங்களில் குழந்தைகளை நிறுக்கும் தராசுகளுக்குக் கட்டணம் வேண்டா.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுதல் கடன். நம் துண்டு, சட்டம் வேண்டும் முத்திரைக்கு ஈடாகாது; வணிகத் தராசுக்கு முத்திரை வைக்கும் உரிமை திணைக்களத்துக்கே உண்டு. ஐ.எஸ்.ஓ. 17025 என்னும் நியமப்படி அங்கீகாரம் பெற்ற ஆய்வுகூடம் என்ற பெயரும் நமக்கு இராது. அதற்கு வேண்டும் ஏற்பாடுகள் ஒரு கல்லூரியின் ஆற்றலுக்கு அப்பாற்பட்டவை. இவ்வளவை மறைத்துச் சான்றிதழ்போல் அச்சிட்டுக் கொடுக்க முற்படுவோமாயின், அளவைக் கூடம் பொய்க்கூடமாகிவிடும். ஐயம் தீர்ப்பது, பெரும்பிழை கண்டால் எச்சரிப்பது, எக்கருவி கொழும்புக்குப் போகத்தக்கது என்று தெரிந்து சொல்வது ஆகிய இவ்வளவே நம் பணி.

சங்கத்தார் சிலர் வாயிலில் வளைவு கட்ட விரும்புகின்றனர் என்று அறிகின்றேன். வளைவுக்கு யான் பகைவனல்லன். வளைவுக்கு ஒருமுறை பணம் கொடுத்தாற் போதும், அளவைக் கூடத்துக்கோ ஆண்டுதோறும் கொடுத்தல் வேண்டும் என்பதே உண்மையான இடர்ப்பாடு. அன்பளிப்பாக வந்த கருவிகள் உறை பிரிக்கப்படாமற் பூட்டிய அறைகளிற் கிடப்பதைப் பல பாடசாலைகளில் நாம் கண்டிருக்கின்றோம். ஆண்டொன்று தவறிக் கொழும்புக்கு அனுப்பப்படாத ஒப்புக்கருவியும் அந்நிலையதே; அது மற்றுமொரு பல்மானி, அவ்வளவே. ஆகையால், கருவி வாங்கும் தொகையைவிட, ஒரு சிறு நிலையான வைப்பினையிட்டு அதன் வட்டியால் ஆண்டுச் செலவை நடத்தும் ஏற்பாட்டினையே முதலில் ஆராய வேண்டும். தொராண்டோவிலும் இலண்டனிலும் தொழில்புரியும் பழைய மாணவர்க்கு ஒரு சொல்: உங்கள் தொழிலகங்கள் கழிக்கும் நல்ல மேசைக்கருவிகளை அனுப்புங்கள், ஆனால் 230 வோல்ற்றில் இயங்குமா என்று பார்த்து, கைந்நூலோடு அனுப்புங்கள். கைந்நூலற்ற கருவி எமக்குச் சுமை.

ஆய்வுகூடத்தின் பின்னறையில் இப்பொழுது உடைந்த வாங்குகள் அடுக்கப்பட்டுள்ளன. வரும் விடுமுறைக்குள் அவ்வறையை ஒழித்துத் தர அதிபர் இசைந்துள்ளார். ஈரம் அணுகாதிருக்கச் சுவருக்குப் பூச்சும், ஒரு கண்ணாடி அலுமாரியும் வேண்டும். அறையின் திறப்பு பௌதிக ஆசிரியரிடம் இருக்கின்றது. பார்க்க விரும்பும் பழைய மாணவர் விழா நாட்களில் அவரைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.